இறங்க வேண்டிய எண்களும் இறங்கக் கூடாத எண்களும்

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவரிடம் எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்பது எத்தனை கிலோ குறைந்தது என்பதைத்தான். கும்பகோணத்துக்கு அருகில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் நான் ஆசிரியையாக இருக்கிறேன். இரைப்பையைச் சிறிதாக்கி, உணவு சிறுகுடலின் முன்பகுதியைத் தாண்டிப் போகும்படி இணைக்கும் இரைப்பை பைபாஸ் செய்துகொண்டு சில ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் கல்யாண வீட்டிலும் ஆசிரியர் அறையிலும் இன்றும் அதே கேள்விதான் வருகிறது. எடையைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. நான் எழுத விரும்புவது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளைப் பற்றி. என் உடம்புக்குள் என்ன நடந்தது என்பதில் பாதியைக்கூட எடை பார்க்கும் இயந்திரம் சொல்லவில்லை. சிகிச்சைக்குப் பின் சில எண்கள் இறங்க வேண்டும், வேறு சில எண்கள் இறங்கவே கூடாது; முதல் வகை இறங்குகிற மகிழ்ச்சியில் இரண்டாம் வகையைப் பெரும்பாலோர் பார்ப்பதில்லை.

அறுவை சிகிச்சைக்கு முன் எனக்கு வயது 47, உயரம் 156 சென்டிமீட்டர், எடை 108 கிலோ. அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ. 44. சர்க்கரை நோய் பல ஆண்டுகளாக இருந்தது; மெட்ஃபார்மின், கிளிமெப்பிரைடு மாத்திரைகள் சாப்பிட்டும் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி 8.4-க்குக் கீழே வரவில்லை. ஆசியர்களுக்கு அதே எடையிலும் வயிற்றுக் கொழுப்பு அதிகம் என்பதால் நமக்கு எல்லைகள் தாழ்வாகவே வைக்கப்பட்டிருக்கின்றன, பி.எம்.ஐ. 23-ஐத் தாண்டினால் கூடுதல் எடை, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன். அறுவை சிகிச்சை நிபுணர்களின் சர்வதேச அமைப்புகள் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆசியர்களுக்கு 27.5 முதலே இந்தச் சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்கிறது. காப்பீட்டு நிறுவனங்கள் பின்பற்றும் விதி வேறு: பி.எம்.ஐ. 40, அல்லது 35-உடன் கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத் தடை, இதய நோய் போன்ற தீவிரப் பிரச்சினை இருக்க வேண்டும். மருத்துவர் சரி என்று சொன்ன பிறகும் காப்பீடு மறுக்கப்படுவதற்கு இந்த இடைவெளி ஒரு காரணம். ஆகவே பாலிசியின் விலக்குப் பகுதியை முதலிலேயே படித்துவிடுவது நல்லது.

திருச்சியில் நான் பார்த்த மருத்துவர் முதல் சந்திப்பில் எழுதிய பரிசோதனைகளில் பாதியை அதற்கு முன் எனக்கு யாரும் எழுதியதில்லை. வெறும் வயிற்று இன்சுலின் அவற்றில் ஒன்று. சர்க்கரை 162, இன்சுலின் 27 என்று வந்தது. இரண்டையும் பெருக்கி 405-ஆல் வகுக்கச் சொன்னார், 10.8 கிடைத்தது. ஹோமா எனப்படும் இந்தக் கணக்கு, உடம்பு எவ்வளவு இன்சுலினைச் செலவழித்து எவ்வளவு சர்க்கரையைத்தான் அடக்க முடிகிறது என்பதைக் காட்டுகிறது. என் கணையம் ஓய்ந்துபோகவில்லை. மிகையாக உழைத்தும் பலன் இல்லை. கணையம் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்பதைக் காட்டும் சி-பெப்டைடு 3.4 இருந்ததைப் பார்த்துவிட்டு, "உள்ள இன்னும் சரக்கு இருக்கு, அதனால ஆபரேஷன்ல நல்ல பலன் எதிர்பார்க்கலாம்" என்றார். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திறன் மிச்சம் இருப்பவர்களுக்கும், சர்க்கரை வந்து அதிக ஆண்டுகள் ஆகாதவர்களுக்கும், இன்சுலின் ஊசி தேவைப்படாதவர்களுக்கும் இந்தச் சிகிச்சையால் சர்க்கரை தணிவதற்கான வாய்ப்பு கூடுதல். தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

கல்லீரல் எண்கள் எங்கள் வீட்டில் ஒரு சிறிய கலவரத்தையே உண்டாக்கின. கல்லீரல் நொதிகளான எஸ்.ஜி.பி.டி. 74, எஸ்.ஜி.ஓ.டி. 58 என்று கூடுதலாக இருந்தன. "லிவர் கெட்டுப்போறது குடிக்கிறவங்களுக்குத்தானே, உனக்கு எப்படிம்மா?" என்று என் அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். மூன்று வேளையும் சோறோ, இட்லியோ, அரிசியில் செய்த வேறு ஏதோவொன்றோ சாப்பிடுகிற, உடல் உழைப்புக் குறைந்துவிட்ட டெல்டாக் குடும்பங்களில் குடிக்காதவருக்கும் கல்லீரலில் கொழுப்பு படிவது சாதாரணம். செலவாகாத மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது, அதில் ஒரு பகுதி டிரைகிளிசரைடாக ரத்தத்தில் இறங்குகிறது. எனக்கு டிரைகிளிசரைடு 238, நல்ல கொழுப்பு எனப்படும் ஹெச்.டி.எல். 36, முன்னது 150-க்குக் கீழும் பின்னது பெண்களுக்கு 50-க்கு மேலும் இருக்க வேண்டும். கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதை வயது, இரண்டு கல்லீரல் நொதிகள், பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்தே ஓரளவு கணித்துவிடலாம். ஃபிப்-4 என்பது அதன் பெயர். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்கி, ஆயிரத்தில் எழுதிய தட்டணு எண்ணிக்கையையும் எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வரும் தொகையால் வகுக்க வேண்டும். 1.3-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை, 2.67-க்கு மேலே போனால் நிபுணரைப் பார்க்க வேண்டும். எனக்கு 1.32 வந்ததால், கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்தார்கள். தழும்பு ஆரம்ப நிலையில்தான் இருந்தது. கணக்குப் போட ஒரு பைசா செலவில்லை. சாதாரண மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்டிலேயே இந்த நான்கு விவரங்களும் இருக்கும் என்பதால், இதைப் படிக்கிறவர்கள் தங்கள் பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம்.

ரத்தம் எடுக்கும் இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சிறு ஊர்களில் எண்கள் கெடுவது பெரும்பாலும் அங்கேதான். எங்கள் தெருவுக்கு வருகிற லேப் பையன் நல்ல கைராசிக்காரன், ஊசி குத்தினது தெரியாது. ஆனால் ஒரு சித்திரை மாதக் காலையில் அவன் என் வீட்டுத் திண்ணையில் குழாய்களைப் பெட்டியில் அடுக்கியபடி, "டீச்சர், இது எல்லாம் சாயங்கால பஸ்ஸுலதான் போகும்" என்று இயல்பாகச் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. பிரித்தெடுக்காத ரத்தத்தில் உள்ள அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் வரை குறையும், வெயிலில் இன்னும் வேகமாகக் குறையும். அதைக் குறைக்கத்தான் ஃபுளோரைடு கலந்த சாம்பல் நிற மூடிக் குழாய் இருக்கிறது. அதுவும் முதல் ஓரிரு மணி நேரத்துக்கு முழுக் காவல் இல்லை. இன்சுலின் இன்னும் நுட்பமானது. குலுங்கி அணுக்கள் உடைந்த ரத்தத்தில் இன்சுலின் சிதைந்து உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அன்றிலிருந்து இன்சுலினும் சர்க்கரையும் கொடுக்க வேண்டிய நாளில் நானே கும்பகோணம் சென்று, ரத்தத்தை அங்கேயே சுழற்றிப் பிரிக்கிற லேப்பில் கொடுத்துவிடுகிறேன். ஊதா மூடிக் குழாயில் போகும் ஹெச்பிஏ1சி இந்த அளவுக்குக் கெடாது என்பதால் அதை வீட்டில் கொடுத்தால் போதும். வெறும் வயிறு என்றால் முந்தின இரவு உணவுக்குப் பின் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர் மட்டுமே. "காபி மட்டும்தான் குடிச்சேன்" என்பதெல்லாம் கணக்கில் சேராது.

ஒரு எண் மட்டும் அப்போதே என்னைக் குழப்பியது. ஹீமோகுளோபின் 10.9 என்று குறைவாக இருக்க, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 118 என்று தாராளமாக இருந்தது. ஃபெரிட்டின் வீட்டுக் குதிரில் கிடக்கும் நெல்லைப் போலச் சேமிப்பைச் சொல்லும் எண் என்றாலும், உடம்பில் அழற்சி இருக்கும்போது சேமிப்பு இல்லாமலேயே அது ஏறி நிற்கும். பருமனான உடம்பில் கொழுப்புத் திசுவே ஓயாத மெல்லிய அழற்சிக்கு இருப்பிடம்; அழற்சியைக் காட்டும் ஹெச்.எஸ்.-சி.ஆர்.பி. எனக்கு 9.2 இருந்தது, 3-ஐத் தாண்டினாலே அதிகம். ஆகவே ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைச் சொல்லும் டிரான்ஸ்ஃபெரின் செறிவையும் பார்த்தார்கள். 12 சதவீதம்தான், 20-க்குக் கீழே என்றால் பற்றாக்குறை. அறுவைக்கு முன்பே இரும்பு மாத்திரை தொடங்கப்பட்டது. வைட்டமின் டி 13 மட்டுமே. சுள்ளென்று வெயில் அடிக்கும் காவிரிப் படுகையில் இது எப்படி என்று வியக்கத் தேவையில்லை. கொழுப்பில் கரையும் இந்த வைட்டமினைக் கொழுப்புத் திசு பிடித்து வைத்துக்கொள்கிறது, பள்ளிக்கூடச் சுவருக்குள் பகலைக் கழிக்கிற எனக்கு வெயிலும் கிடைப்பதில்லை.

அறுவைக்குப் பிறகு முதலில் மாறியது சர்க்கரை, எடை அல்ல. மருத்துவமனையை விட்டு வெளியே வரும் முன்பே கிளிமெப்பிரைடை நிறுத்திவிட்டார்கள், இல்லையென்றால் தாழ்சர்க்கரை வந்திருக்கும். மெட்ஃபார்மின் பாதியாகி, சில மாதங்களில் அதுவும் போனது. கிளிமெப்பிரைடை நிறுத்தியபோது எடை நாலைந்து கிலோகூட இறங்கியிருக்கவில்லை. உணவு மிகக் குறைந்துபோவதால் கல்லீரல் கொழுப்பு முதல் வாரங்களிலேயே கரைகிறது. உணவு குடலின் பின்பகுதிக்கு விரைவாகச் சென்று சேர்வதால் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரந்து இன்சுலினைத் தூண்டுகிறது. இதைப் பெரிய அளவில் முதன்முதலில் எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் வட கரோலினாவின் அறுவை நிபுணர் வால்டர் போரிஸ். அவர் 1995-இல் வெளியிட்ட ஆய்வுதான் இதை எடைக் குறைப்பு என்ற வட்டத்தைத் தாண்டிச் சர்க்கரைக்கான சிகிச்சையாகவும் பார்க்க வைத்தது. ஆனால் "சர்க்கரை குணமாகிவிடும்" என்று விளம்பரங்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். கிளீவ்லாந்தில் 150 பேரை வைத்து நடந்த ஆய்வில் ஐந்தாண்டு முடிவில் ஹெச்பிஏ1சி 6.0 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்கள், பைபாஸ் செய்துகொண்டவர்களில் 29 சதவீதம், இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் சிகிச்சை செய்துகொண்டவர்களில் 23 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம். ஒப்பிட்டால் பெரிய வேறுபாடுதான், ஆனால் எல்லோருக்கும் அல்ல. எல்லா மருந்தும் நிறுத்திக் குறைந்தது மூன்று மாதம் கழித்தும் 6.5-க்குக் கீழே இருந்தால்தான் அதற்கு ரெமிஷன் என்று பெயர். குணம் என்று சொல்லாமல் தணிந்திருக்கிறது என்று சொல்வதே பொருத்தம்.

மற்றவை அவரவர் வேகத்தில் இறங்கின. மூன்றாம் மாதத்தில் ஹெச்பிஏ1சி 6.3, ஆறாம் மாதத்தில் 5.8. ஆண்டு முடிவில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 90, இன்சுலின் 9, அதாவது ஹோமா 2.0. டிரைகிளிசரைடு 132, சி.ஆர்.பி. 1.8. ஹெச்.டி.எல். மட்டும் முதலில் இன்னும் சற்றுக் குறைந்து, பிறகு தாமதமாக 47 வரை ஏறியது; வேகமாக எடை குறையும் மாதங்களில் அது அப்படித்தான் நடந்துகொள்ளும் என்றார்கள். அதே மாதங்களில் யூரிக் அமிலம் ஏறுவதும், கல்லீரல் நொதி தற்காலிகமாகக் கூடுவதும், பித்தப்பையில் கல் உருவாவதும் உண்டு. கல்லைத் தடுக்க அர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரை எனக்கு ஆறு மாதம் கொடுத்தார்கள்.

இப்போது இறங்கக் கூடாதவற்றுக்கு வருகிறேன். ஆண்டு முடிவில் சி.ஆர்.பி. இறங்கிய அதே ரிப்போர்ட்டில் ஃபெரிட்டின் 11. அழற்சி என்ற திரை விலகியதும் சேமிப்பு காலியாக இருப்பது வெளியே தெரிந்தது. ஹீமோகுளோபின் 9.6. இரும்பு பெரும்பாலும் உறிஞ்சப்படுவது முன்சிறுகுடலில். பைபாஸில் உணவு அந்த வழியே போவதில்லை, இரும்பைக் கரைக்க வேண்டிய அமிலமும் குறைவு, மாதவிடாய் நிற்கும் காலத்து அதிக உதிரப்போக்கும் சேர்ந்துகொண்டது. போதாக்குறைக்கு எங்கள் ஊர்க் காபி. டிகாக்‌ஷனிலும் தேநீரிலும் உள்ள பொருள்கள் இரும்பை உறிஞ்சவிடாமல் தடுக்கும்; ஆகவே இரும்பு மாத்திரைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் காபி கிடையாது, கால்சியம் மாத்திரையும் கிடையாது. கும்பகோணத்தில் இருந்துகொண்டு காலைக் காபியைத் தள்ளிப்போடுவது அறுவை சிகிச்சையைவிடக் கடினமாக இருந்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். மாத்திரையால் ஏறாததால் இரும்பை ரத்தக் குழாய் வழியே ஏற்றினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. இரும்பு குறைந்திருந்த நாட்களில் ஹெச்பிஏ1சி 6.1 என்று மீண்டும் ஏறியிருந்தது. ஆனால் வீட்டில் விரலில் குத்திப் பார்த்த சர்க்கரை எல்லாம் நன்றாகவே இருந்தது. இரும்புப் பற்றாக்குறையில் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிட நீண்ட நாள் சுற்றுவதால் அவற்றில் சர்க்கரை அதிகம் ஒட்டி, எண் பொய்யாக உயரலாம். இரும்பு ஏற்றியதும் புதிய அணுக்கள் பெருகி அதே எண் பொய்யாகத் தாழவும் கூடும். எனவே சில மாதம் பொறுத்து எடுத்தபோது 5.6 வந்தது. ரத்தசோகை உள்ளவர்கள் இந்த ஒரே எண்ணை நம்பி மருந்தைக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது.

பி12 எனக்கு முன்பே 210 என்ற விளிம்பில் இருந்தது, ஏனெனில் மெட்ஃபார்மினை நீண்ட காலம் எடுத்தாலே அது குறையும். பைபாஸுக்குப் பின் அதை உறிஞ்சத் துணைசெய்யும் சுரப்பு உணவோடு சரியாகக் கலப்பதில்லை. மாதம் ஒரு ஊசி போட்டுக்கொள்கிறேன், வாழ்நாள் முழுவதும் போட வேண்டியதுதான். கால்சியத்தில் ஒரு சூது இருக்கிறது. ரத்தக் கால்சியம் 9.2 என்று அழகாக இருந்த நேரத்தில் கால்சியத்தை ஒழுங்குபடுத்தும் பாராதைராய்டு ஹார்மோன் 96 இருந்தது. 65-க்குக் கீழே நிற்க வேண்டியது. ரத்தத்தில் கால்சியம் குறையாமலிருக்க எலும்பிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது உடம்பு என்று பொருள். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் கார்பனேட் கரைய அமிலம் வேண்டும் என்பதால் சிட்ரேட்டாகக் கேட்டு வாங்க வேண்டும். ஒரே வேளையில் விழுங்காமல் நாளுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் வரை பிரித்துச் சாப்பிட வேண்டும்.

இவை எல்லாம் மெல்லக் குறைபவை. தயமின் என்ற பி1 அப்படியல்ல; ஓயாத வாந்தி இருந்தால் சில வாரங்களிலேயே தீர்ந்து, பார்வை இரண்டாகத் தெரிவது, தள்ளாட்டம், குழப்பம் என்று மூளையைத் தாக்கும். இரண்டாம் மாதத்தில் எனக்கு நான்கைந்து நாள் விடாத வாந்தி. உள்ளூரில் சோர்வு என்றாலே குளுக்கோஸ் ஏற்றுவதுதான் வழக்கம். பாட்டிலும் தயாராகத் தொங்கிவிட்டது. தயமின் போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சம் இருக்கும் தயமினும் தீர்ந்துபோகும். அறுவை நிபுணர் எழுதிக் கொடுத்திருந்த அட்டையில் "முதலில் தயமின், பிறகே குளுக்கோஸ்" என்று தமிழில் இருந்ததைக் காட்டினேன். அங்கிருந்த மருத்துவர் படித்துவிட்டு ஊசியை முதலில் வரவழைத்தார். இந்த அட்டை வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் நோயாளி பேசும் நிலையில் இருக்கமாட்டார்.

புரதம் நாளுக்குக் குறைந்தது 60 கிராம் என்றார்கள். சோற்றை நடுவில் வைத்து மற்றதையெல்லாம் ஓரத்தில் வைக்கிற நம் இலையில் இது எளிதல்ல. முட்டை ஒன்றுக்கு ஆறு கிராம், நூறு கிராம் மீனுக்கு ஏறத்தாழ இருபது, மற்றபடி பருப்பும் சுண்டலும் பன்னீரும் தயிரும்தான். முதலில் புரதம், பிறகு காய், இடம் இருந்தால் இரண்டு வாய் சோறு என்று வரிசையை மாற்றிக்கொண்டேன். மயிலாடுதுறையில் ஒரு கல்யாணப் பந்தியில் என் நாத்தனார் வற்புறுத்தி வைத்த அசோகா அல்வாவில் இரண்டு கரண்டி சாப்பிட்ட சிறிது நேரத்தில் படபடப்பும் வியர்வையும் வயிற்றுவலியும் வந்து படுத்துவிட்டேன். இனிப்பு நேரே சிறுகுடலில் கொட்டுவதால் வருவது இது. அடுத்த பந்தியிலிருந்து என் இலையை நாத்தனாரே காவல் காக்கிறார். ரத்த ஆல்புமின் 4 இருக்கிறது என்று நிம்மதி கொள்வதிலும் பொருளில்லை. புரதம் குறைந்து வெகுகாலம் கழித்தே அது இறங்கும். முடி கொட்டுவதும் கைப்பிடி வலு குறைவதும் முன்கூட்டியே சொல்லிவிடும்.

முடியைச் சொன்னதும் நினைவுக்கு வருவது பயோட்டின். முடி கொட்டும் பயத்தில் பலர் கடையில் தாமே வாங்கிச் சாப்பிடும் இந்த மாத்திரை, தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச்., வைட்டமின் டி போன்ற பல பரிசோதனைகளின் வேதிமுறையிலேயே தலையிட்டு எண்ணைத் தவறாகக் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இலேயே இதை எச்சரித்திருக்கிறது. ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு, லேப்பிலும் மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும்.

முதல் ஆண்டில் மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களிலும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் இவற்றைப் பார்க்கிறேன். எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் எடுப்பது காசுக்குக் கேடு. சி-பெப்டைடை நான் மீண்டும் எடுக்கவே இல்லை. இன்சுலினை மட்டும் ஆண்டுக்கொரு முறை விடாமல் எடுக்கிறேன், அதற்குக் காரணம் உண்டு. சமீபத்திய ரிப்போர்ட்டில் எடை நாலு கிலோ கூடியிருந்தது, வெறும் வயிற்றுச் சர்க்கரை 94, ஹெச்பிஏ1சி 5.7, இவற்றை மட்டும் பார்த்திருந்தால் பெரிதாக ஒன்றும் இல்லை என்றே சொல்லியிருப்பார்கள். இன்சுலின் 9-லிருந்து 13-க்கும், ஹோமா 3-க்கும் ஏறியிருந்தது. சர்க்கரையை அதே இடத்தில் நிறுத்தக் கணையம் கூடுதலாக உழைக்கத் தொடங்கிவிட்டது என்பதுதான் அதன் செய்தி. மருந்து எதுவும் எழுதவில்லை. மாலையில் பள்ளி விட்டதும் கடித்துக்கொண்டிருந்த முறுக்கு நின்றது, நடையோடு வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி சேர்ந்தது, மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இன்சுலின் அளவிடும் முறை லேப்புக்கு லேப் ஒரே மாதிரி இல்லாததால், பக்கத்தில் புதிதாக வேறொன்று திறந்து பாதி விலைக்குப் போட்டுக் கொடுக்கிறார்கள் என்றாலும், தைப் பொங்கல் கழிந்து அதே கும்பகோணம் லேப்பில்தான் கொடுக்கப் போகிறேன்.